மூன்று ஸ்ட்ரிப் மாத்திரையும் உங்கள் கையெழுத்தும்: வணிக அமைச்சக அதிகாரிகளுக்கு ஒரு மருந்துக் கடைக்காரரின் திறந்த மடல்

ஒன்றிய வணிகம் மற்றும் தொழில்துறை அமைச்சகத்திலிருந்து வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளுக்குப் போகிற அதிகாரிகளுக்கும், அதே அமைச்சகத்தின் கீழ் காப்புரிமைச் சட்டத்தைக் கவனித்துக்கொள்கிற துறையினருக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். படித்தது டி.ஃபார்ம். வர்த்தகக் கொள்கையில் எனக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் நீங்கள் டெல்லியிலும் லண்டனிலும் உட்கார்ந்து ஒப்புக்கொள்கிற ஒரு வரி, சில வருடம் கழித்து என் கடை மேசைக்கு ஒரு விலையாக வந்து சேர்கிறது, அந்த விலையை எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மணப்பாறை பக்கத்திலிருந்து மாதத்தில் ஒரு நாள், பெரும்பாலும் அஞ்சாம் தேதியை ஒட்டி, ஒரு அம்மா வருவார். அவர் வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல். என்கிற வகை. இமாட்டினிப் 400 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு மூன்று ஸ்ட்ரிப். மஞ்சப்பையிலிருந்து போன மாதத்துக் காலி அட்டையை எடுத்து மேசையில் வைப்பார். "இதே கம்பெனிதானா தம்பி" என்று கேட்பார், எக்ஸ்பயரி தேதியை என்னையே வாசித்துக் காட்டச் சொல்வார், முந்தானையில் முடிந்து வைத்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார். அவர் வீட்டுக்காரர் பதினொரு வருடமாக இந்த மாத்திரையில்தான் இருக்கிறார். தோட்டத்துக்குப் போகிறார், மாடு பார்க்கிறார், போன தை மாதம் பேத்திக்குக் காது குத்தினார்கள், எனக்கும் பத்திரிகை வந்தது.

அந்த மூன்று ஸ்ட்ரிப் அவர் கைக்கு எட்டுகிற விலையில் வந்ததற்குப் பின்னால் பதினைந்து வருட வழக்கு ஒன்று இருக்கிறது. அது தொடங்கியது நம் சென்னையில். 1998-ல் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம், இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டுச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மூலக்கூறு ஏற்கெனவே தெரிந்ததுதான், கேட்டது அதன் ஒரு படிக வடிவத்துக்கு. புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பும் சில இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்ப்பு மனு போட்டார்கள், 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சட்டத்தின் பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். அப்புறம் மேல்முறையீட்டு வாரியம், கடைசியில் உச்ச நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் முடியாது என்று சொல்லிவிட்டது.

நோவார்ட்டிஸின் மருந்து அப்போது மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து 8,000-லிருந்து 10,000 ரூபாய். இன்று அதிலும் குறைந்திருக்கிறது. அந்த நிறுவனம் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது, பட்டியலில் பேர் இருந்தால்தான் கிடைக்கும். மணப்பாறை அம்மா யாரிடமும் விண்ணப்பம் போடாமல், பணம் எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார் இல்லையா, அது சட்டம் கொடுத்தது.

அந்தச் சட்டப் பிரிவு 3(டி). உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மாவை இட்லியாக ஊற்றினாலும் தோசையாக ஊற்றினாலும் மாவு மாறிவிடாது. அதுபோல, ஏற்கெனவே தெரிந்த மருந்தின் உப்பையோ படிக வடிவத்தையோ மாற்றிக்கொண்டு வந்து புதுசாக இன்னொரு இருபது வருடம் கேட்டால், நோயைக் குணப்படுத்துவதில் அது முன்னதைவிட மேலானது என்று காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் காப்புரிமை இல்லை. அவ்வளவுதான் 3(டி). காப்புரிமை முடியப் போகிற நேரத்தில் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காலத்தை நீட்டுவதை எவர்கிரீனிங் என்கிறார்கள்.

இந்தப் பிரிவு சும்மா வரவில்லை. சுதந்திரத்துக்கு அப்புறமும் இருபது வருடத்துக்கு மேல் 1911-ஆம் வருடத்து வெள்ளைக்காரர் சட்டத்தைத்தான் வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் இந்தியாவில் மருந்து விலை உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கீஃபாவர் குழுவே பதிவு செய்தது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள், உங்கள் துறை நூலகத்திலேயே இருக்கும். இங்கே இருந்த காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு வெளிநாட்டார் கையில், அவற்றில் பெரும்பாலானவற்றை வைத்து இங்கே எதையும் தயாரிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்த அறிக்கையை அடிப்படையாக வைத்துத்தான் 1970 சட்டம் வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது. நம் ஆட்கள் வேறு முறை கண்டுபிடித்தார்கள். ஹைதராபாத்திலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் மருந்துத் தொழில் வளர்ந்தது அப்படித்தான். 2001-ல் சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எய்ட்ஸுக்கான மூன்று மருந்துக் கூட்டை ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார், அப்போது மேல்நாட்டு விலை 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் அதனால் பிழைத்தார்கள். வேறு முறையைக் கண்டுபிடித்து, அதை மலிவாகவும் செய்து காட்டியதைப் புதுமைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? நான் சேர்ப்பேன்.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது, கூடவே காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துக்கான டிரிப்ஸ் ஒப்பந்தம். 2005-லிருந்து மருந்துப் பொருளுக்கே 20 வருடக் காப்புரிமை கொடுத்தாக வேண்டும் என்று ஆனது. அந்த நெருக்கடியில்தான் நாடாளுமன்றம் 3(டி)-யையும், காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்ற வழியையும் சட்டத்தில் வைத்தது. காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் வேறொரு கம்பெனி அந்த மருந்தைத் தயாரிக்க அனுமதி கொடுக்கிற கட்டாய உரிமம் ஏற்கெனவே இருந்தது. ஒப்பந்தத்துக்குள் நின்றுகொண்டே மக்களுக்கு எவ்வளவு இடம் பிடிக்கலாமோ அவ்வளவு பிடித்தார்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

2024 மார்ச் 10 அன்று சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்த எஃப்டா அமைப்போடு வர்த்தக ஒப்பந்தம் போட்டீர்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, மார்ச் 15 அன்று, காப்புரிமை விதிகளில் திருத்தம் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை, திருத்தத்தில் என்ன இருந்தது என்பதைப் பார்ப்போம். எதிர்ப்பு மனுவுக்கு அதுவரை கட்டணமே கிடையாது, இப்போது உண்டு. மனு போட்டால் அதை விசாரணைக்கு ஏற்கலாமா என்று காப்புரிமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவு செய்வார், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். காப்புரிமை வாங்கியவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா இல்லையா என்று வருடா வருடம் படிவம் 27-ல் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு முறை சொன்னால் போதும்.

இதெல்லாம் அலுவலக நடைமுறைதானே, இதில் என்ன வந்தது என்று தோன்றும். எதிர்ப்பு மனு என்றால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வழக்கமான காசநோய் மருந்து வேலை செய்யாமல் போனவர்களுக்கு பெடாக்விலின் என்று ஒரு மாத்திரை. அது வருவதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஊசி, அந்த ஊசியால் காது போகும். நந்திதா வெங்கடேசன் என்ற பெண்ணுக்குக் காசநோய் சிகிச்சையில் காது போனது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஃபுமேசா டிசிலேவுக்கும் அப்படியே. இந்த இரண்டு பேரும் சேர்ந்து 2019-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு போட்டார்கள். பெடாக்விலினின் முதல் காப்புரிமை 2023 ஜூலையில் முடிகிறது, ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் ஃபூமரேட் உப்புக்கு இன்னொன்று கேட்டு 2027 வரை நீட்டப் பார்க்கிறது, கொடுக்காதீர்கள் என்று. 2023 மார்ச் 23 அன்று அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உலகத்துக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர் என்ற நிலையில், நான்கு வருடம் என்பது எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நோயில் காது இழந்த இரண்டு பெண்களுக்குத் திறந்திருந்த கதவில்தான் இப்போது கட்டணத்தையும் முன்விசாரணையையும் வைத்திருக்கிறீர்கள். பொய் மனுக்களைத் தடுக்க வேண்டும் என்றால் தடுங்கள், அதற்கு நோயாளிகளையும் நோயாளி அமைப்புகளையும் தனியாக விலக்கி வைத்திருக்கலாமே.

படிவம் 27 கதை வேறு. 2012 மார்ச்சில் இந்தியா முதல் கட்டாய உரிமத்தைக் கொடுத்தது. இன்று வரை அது ஒன்றே ஒன்றுதான். பேயரின் நெக்ஸாவர், சொராஃபெனிப், சிறுநீரகப் புற்றுநோய்க்கும் ஈரல் புற்றுநோய்க்கும். மாதத்துக்கு 2,80,428 ரூபாய். ஹைதராபாத் நாட்கோ 8,880 ரூபாய்க்கு மாதத்துக்கான 120 மாத்திரை தருகிறேன் என்று கேட்டது, கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் கொடுத்தார், விற்பனையில் 6 சதவீதம் பேயருக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேல்முறையீட்டு வாரியத்தில் அந்த உரிமத்தை உறுதி செய்தது, முன்னே சொன்ன அதே பிரபா ஸ்ரீதேவன். அவர் தலைமையில் வாரியம் 6 சதவீதத்தை 7 ஆக்கியது, ஆனால் உரிமத்தைத் தொடவில்லை. அந்த வழக்கில் முக்கியமாக நின்ற சான்று எது? மருந்து தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைத்தது என்ற கணக்கு, அது காப்புரிமைக்காரர் தானே கொடுத்த படிவம் 27-லிருந்து வந்தது. அந்தப் படிவத்தைத்தான் மூன்று வருடத்துக்கு ஒன்றாக ஆக்கியிருக்கிறீர்கள். புற்றுநோய்க்காரருக்கு மூன்று வருடம் என்பது என்ன என்று எந்த ஆன்காலஜி வார்டு வாசலிலும் கேளுங்கள்.

விதியைத் திருத்திய அடுத்த வருடமே, 2025 ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம். அதில் அறிவுசார் சொத்துக்கான 13-ஆம் அத்தியாயத்தை நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன், என் பையன் பக்கத்தில் இருந்து உதவினான். படிவம் கேட்பதென்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது இப்போது அந்த ஒப்பந்தத்திலும் ஏறிவிட்டது. அதாவது நாளைக்கு வேறொரு அரசாங்கம் மனம் மாறி விதியைத் திருத்த நினைத்தாலும் பிரிட்டனுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நிற்கும். அப்புறம் அதே அத்தியாயத்தின் பிரிவு 13.6. மக்களுக்கு மருந்து கிடைக்கச் செய்வதற்கு விரும்பத்தக்க, மிகச் சிறந்த வழி, காப்புரிமைக்காரர் தானே விரும்பிக் கொடுக்கிற தன்விருப்ப உரிமம் போன்ற ஏற்பாடுகள்தான் என்று இரண்டு நாடும் ஒப்புக்கொள்வதாக அதில் இருக்கிறது.

கட்டாய உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அது அப்படியே இருக்கிறது என்று உங்கள் தரப்பில் சொன்னீர்கள். சட்டப்படி அது சரி. ஆனால் தி.நகரில் புடவை எடுக்கப் போகிறவர்களைப் பாருங்கள். பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து நடக்கும்போதுதான் கடைக்காரர் கூப்பிட்டு விலையைக் குறைக்கிறார். போகும்போதே, எனக்கு உங்கள் கடையை விட்டால் வேறு கடையில் எடுக்க விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் எந்தக் கடைக்காரர் குறைப்பார்? எழுந்து போகும் உரிமை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் போக மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 13.6 செய்திருப்பது அதைத்தான். நாளை ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் இந்த வரியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

தன்விருப்ப உரிமத்தை நான் தப்பு சொல்லவில்லை. எச்.ஐ.வி. தடுப்புக்கான லெனாகபவிர் ஊசிக்கு கிலியட் நிறுவனம் 2024 அக்டோபரில் ஆறு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது, 120 நாடுகளுக்கு அனுப்பலாம் என்றது, அதனால் வருடத்துக்கு 40 டாலருக்குக் கிடைக்கப் போகிறது. நல்ல காரியம். ஆனால் அந்த 120-ல் பிரேசில் இல்லை, மெக்சிகோ இல்லை, அர்ஜென்டினா இல்லை. எந்த நாடு உள்ளே, எந்த நாடு வெளியே என்று முடிவு செய்தது கம்பெனி. இன்றைக்கு நாம் உள்ளே இருக்கிறோம், அடுத்த மருந்தில் வெளியே இருப்போமா என்பது யார் கையில்?

இந்த இடத்தில் என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறேழு வருடம் இருக்கும். முப்பது வயதுப் பையன் ஒருவன், அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தான். மருந்துப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம். காப்புரிமையில் இருந்த மாத்திரை, ஒரே கம்பெனிதான். நான் ஸ்டாக் வைப்பதில்லை, ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் போன் போட்டேன், முன்பணம் கட்டினால்தான் வரவழைப்போம் என்றார்கள். மாதத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம். நான் விலையைச் சொன்னதும் அவன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. அப்புறம் மெதுவாக, "அண்ணே, பத்து மாத்திரை மட்டும் கிடைக்குமாண்ணே" என்றான். பத்தாக வெட்டிக் கொடுக்க முடியாது, புட்டியை உடைக்கக் கூடாது. இரண்டு மாதம் வாங்கினார்கள், லால்குடி பக்கத்தில் இருந்த ஒரு துண்டு நிலம் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாம் மாதம் நான் ஸ்டாக்கிஸ்ட்டிடம் சொல்லி வைத்திருந்தேன், அவன் வரவில்லை. நானும் போன் பண்ணவில்லை. என்ன கேட்பது? அந்தச் சீட்டின் ஜெராக்ஸ் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

அந்த மருந்துக்குக் கட்டாய உரிமம் யாரும் கேட்கவில்லை, அரசாங்கமும் தானாகக் கொடுக்கவில்லை. 92-ஆம் பிரிவின்படி அவசர நிலையில் அரசே முன்வந்து செய்யலாம். கொரோனா இரண்டாம் அலையில்கூட, ரெம்டெசிவிருக்காக ஆட்கள் ராத்திரி பூராவும் சென்னையில் கீழ்ப்பாக்கத்தில் வரிசையில் நின்றபோதுகூட, அந்தப் பிரிவைத் தொடவில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பிடம் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து, கொரோனா காலத்துக்குக் காப்புரிமைகளை நிறுத்தி வையுங்கள் என்று 2020 அக்டோபரில் கேட்டதும் நாம்தான். அந்தக் கோரிக்கையை நினைத்து எனக்கு இன்றும் பெருமை. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டுமான சின்னத் துண்டுதான் என்றாலும் கேட்டது சரி. ஜெனீவாவில் கேட்கத் தெரிந்த நமக்கு லண்டனில் ஏன் வாய் வரவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

நீதிமன்றங்கள் இன்னும் நமக்குக் கை கொடுக்கின்றன. முதுகெலும்புத் தசைச் சிதைவு, எஸ்.எம்.ஏ., குழந்தைகளுக்கு வருகிற நோய். ரிஸ்டிப்ளாம் மருந்து ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய் அளவில் இருந்தது, கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் அந்தப் பாட்டில் பன்னிரண்டு நாளுக்குத்தான் வரும். 2025 அக்டோபர் 9 அன்று டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, அதே மருந்தைத் தயாரித்து விற்க நாட்கோவுக்குத் தடை போட மறுத்தது, அதே மாதம் 17 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ 15,900 ரூபாய்க்குப் பாட்டிலைக் கொண்டுவந்தது. ஆறு லட்சம் எங்கே, 15,900 எங்கே. ஆனால் நீதிமன்றம் சட்டத்தை வைத்துத்தான் தீர்ப்பு சொல்ல முடியும், சட்டமே ஒப்பந்தத்தால் சுருங்கிக்கொண்டு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்.

இன்னும் வராத, வரவே கூடாத ஒன்று இருக்கிறது. டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டி. நான் இதைத் தரவுப் பூட்டு என்று சொல்வேன். முதலில் கண்டுபிடித்த கம்பெனி நோயாளிகளிடம் சோதனை செய்து, மருந்து வேலை செய்கிறது என்று காட்டுகிறது. பின்னால் வருகிற கம்பெனி, என் மாத்திரையும் அதே அளவில் ரத்தத்தில் சேர்கிறது என்று காட்டினால் அனுமதி கிடைக்கும். தரவுப் பூட்டு வந்தால், முதல் கம்பெனியின் தரவை அத்தனை வருடத்துக்கு அதிகாரி அடிப்படையாக எடுக்கவே கூடாது. காப்புரிமை இல்லாத மருந்துக்கும் இது பொருந்தும். கட்டாய உரிமம் கொடுத்தாலும் விற்க அனுமதி கிடைக்காது. வேலை செய்கிற மருந்து என்று தெரிந்த பிறகும், மறுபடி ஒரு பாதி நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல் வைத்துச் சோதனை செய் என்றால் அது என்ன நியாயம்? ஜோர்டான் 2000-ல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தில் இதை ஏற்றுக்கொண்டது. 2007-ல் ஆக்ஸ்ஃபாம் பார்த்தபோது, காப்புரிமை இல்லாத 103 புது மருந்துகளில் 79 சதவீதத்துக்கு இந்தப் பூட்டினால் போட்டி மருந்தே வரவில்லை.

எஃப்டா நாடுகள் இதைக் கேட்டும் நீங்கள் கொடுக்கவில்லை. அதற்காக உங்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன், உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் இதையே கேட்டது, காப்புரிமைக் காலத்தை நீட்டுவதையும் சேர்த்துக் கேட்டது. அமெரிக்கா வருடா வருடம், மற்ற நாடுகளின் அறிவுசார் சொத்துச் சட்டங்களைப் பற்றி எழுதுகிற ஸ்பெஷல் 301 அறிக்கையில் 3(டி)-யைக் குறை சொல்லி நம்மைக் கண்காணிப்புப் பட்டியலில் வைக்கிறது. ஜவுளிக்கும் இறாலுக்கும் வரி குறைய வேண்டும் என்று நமக்கு ஆசை இருக்கும்போதுதான் இதைக் கேட்பார்கள். திருப்பூரில் என் மச்சானும் பனியன் கம்பெனிதான் வைத்திருக்கிறார், வரி ஏறினால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சர்க்கரை, அவர் கம்பெனியில் தைக்கிற பெண்ணின் அம்மாவுக்குப் புற்றுநோய். பனியனுக்கு வாங்குகிற சலுகையை மாத்திரையில் கட்ட வேண்டி வந்தால் அது அதே வீட்டிலிருந்துதான் போகிறது.

புதுசாகக் கண்டுபிடிப்பவனுக்குக் காசு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். இமாட்டினிப்பைக் கண்டுபிடித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன், என் கண் முன்னால் ஒரு மனிதர் பதினொரு வருடம் நடமாடுகிறார். உண்மையிலேயே புதுசான மருந்துக்கு 20 வருடம் இங்கேயும் உண்டு, 2005-லிருந்து இந்தியா ஆயிரக்கணக்கில் மருந்துக் காப்புரிமை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இருபதை முப்பதாக்க வேண்டாம் என்பதுதான் கோரிக்கை.

இன்னொரு கேள்வியும் வரும், அது எனக்கு வலிக்கிற கேள்வி. உங்கள் மலிவு மருந்தின் லட்சணம் தெரியாதா என்பார்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் செத்துப்போனார்கள், அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அந்த வாரம் கடையில் இருமல் சிரப் பாட்டில் ஒவ்வொன்றையும் எடுத்துப் பேட்ச் நம்பர் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இது தரக்கட்டுப்பாட்டுத் துறை தூங்கியதால் வந்தது, காப்புரிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆய்வாளர் பணியிடங்களை நிரப்புங்கள், தொழிற்சாலைக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள், தப்புச் செய்தவரை உள்ளே போடுங்கள். நல்ல தரத்தில் மலிவு மருந்து செய்யத் தெரிந்த நாடு இது, அமெரிக்கா தன் மக்களுக்கே இங்கிருந்துதான் வாங்குகிறது.

எனக்கு உங்களிடம் இருக்கிற பெரிய மனக்குறை வேறு. இந்த வரிகளையெல்லாம் கையெழுத்து ஆன பிறகுதான் நான் படிக்கிறேன். பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தின் முழு வாசகம் கையெழுத்தான பிறகுதான் வெளியே வந்தது, எஃப்டாவும் அப்படியே. அங்கே பிரிட்டனில் 2010-ஆம் வருடத்துச் சட்டப்படி ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள் வைத்தாக வேண்டும். ஐரோப்பாவில் அவர்கள் நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். இங்கே நம் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. இன்னும் ஒன்று, ஐரோப்பிய ஆணையம் இந்தியாவிடம் என்ன கேட்கிறோம் என்று தன் அறிவுசார் சொத்து முன்மொழிவைத் தன் இணையதளத்திலேயே போட்டது. அவர்கள் என்ன கேட்டார்கள் என்று திருச்சியில் உட்கார்ந்து நான் படித்துவிட்டேன், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பேரம் ரகசியமாகத்தான் இருக்க வேண்டும் என்பீர்கள். இறக்குமதி வரி எத்தனை சதவீதம் என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். காப்புரிமை அத்தியாயம் அப்படியில்லை. அது இந்த நாட்டுச் சட்டத்தை மாற்றுகிற எழுத்து, நாடாளுமன்றம் விவாதித்து எழுதிய சட்டத்தை விவாதம் இல்லாமல் மாற்றக் கூடாது.

அதனால் நான் கேட்பது இதுதான். இனி எந்த நாட்டோடு பேசினாலும் அறிவுசார் சொத்து அத்தியாயத்தின் வரைவைக் கையெழுத்துக்கு இரண்டு மாதம் முன்பே வெளியிடுங்கள், நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்புங்கள், சுகாதார அமைச்சகத்தின் கருத்தையும் கூடவே போடுங்கள். தரவுப் பூட்டும் காலநீட்டிப்பும் எதற்கு ஈடாகவும் கிடையாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள், பேச்சுக்குப் போகும் ஒவ்வொரு குழுவும் அதைக் கையில் கொண்டுபோகட்டும். நோயாளிகளும் நோயாளி அமைப்புகளும் போடுகிற எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள், அதற்கு எந்த நாட்டிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, விதியில் ஒரு திருத்தம் போதும். 13.6-க்கு நாங்கள் கொள்ளும் பொருள் இது, கட்டாய உரிமம் கொடுப்பதை இது எந்த வகையிலும் தடுக்காது என்று ஒரு விளக்கக் குறிப்பை வெளியிடுங்கள், நாளைக்கு நீதிமன்றத்தில் அது உதவும்.

வரைவை வெளியிடும்போது தமிழிலும் வெளியிடுங்கள், மற்ற மொழிகளிலும். மணப்பாறை அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பார், மாத்திரை அட்டையில் இருக்கிற இங்கிலீஷ்தான் அவருக்குச் சிக்கல். தமிழில் வந்தால் பிரிண்ட் எடுத்து என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவேன், அடுத்த அஞ்சாம் தேதி அவர் வரும்போது படிக்கட்டும். நாலரை பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர்